கணினிக் காவலில் நாடுகளின் கூட்டுறவு

ஒரு நாட்டைத் தாக்க நினைப்பவன் முன்னாளில் அதன் எல்லையைக் கடந்து வரவேண்டியிருந்தது. இன்று எங்கோ ஓர் அறையில் அமர்ந்தவாறே, கணினி வழியாக அதன் வங்கிகளையும் மின்நிலையங்களையும் முடக்க முயலலாம். இதனை ஒரு நாடு தனித்து நின்று தடுக்க இயலாது என்பதே என் கருத்து.

எஸ்டோனியா என்னும் சிறு நாட்டைப் பாருங்கள். 2007 ஏப்ரல் இறுதியில், தலைநகர் தாலினில் இருந்த சோவியத் காலப் போர்வீரர் சிலையை அந்நாட்டு அரசு இடம்பெயர்த்தது. உடனே அரசு அலுவலகங்கள், வங்கிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றின் கணினிகளுக்குப் பொய்யான கோரிக்கைகள் பல நாடுகளிலிருந்தும் வெள்ளமெனப் பாய்ந்தன. அஞ்சல் நிலையத்தின் ஒரே சாளரத்தில் வேலையற்றோர் ஆயிரவர் வந்து நெருக்கினால், உண்மையாகவே தபால்தலை வாங்க வந்தவர் என்ன செய்வார்? அந்நிலைதான் அங்கு நேர்ந்தது.

எஸ்டோனியா 2004 முதல் நேட்டோ இராணுவக் கூட்டணியின் உறுப்பு நாடு. ஒருவர் மீது ஆயுதத் தாக்குதல் நேர்ந்தால் அதனை எல்லார் மீதும் நேர்ந்ததாகக் கொள்வது அக்கூட்டணி உடன்படிக்கையின் 5ஆம் விதி. ஆனால் இங்கே குண்டு எதுவும் விழவில்லை. ஏவியவர் இன்னார் என ஐயமற மெய்ப்பிக்கவும் இயலவில்லை. ஆகவே படைகள் அசையவில்லை. கைகொடுத்தோர் பின்லாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளின் கணினி அவசர உதவிக் குழுவினரே. 2008இல் தாலினில் நேட்டோவின் ஒப்புதலுடன் கணினிப் பாதுகாப்பு ஆய்வு மையம் ஒன்று அமைந்தது. 2014இல்தான் இத்தகைய தாக்குதலுக்கும் 5ஆம் விதி பொருந்தக்கூடும் என நேட்டோ அறிவித்தது.

நமது நாடு எந்த இராணுவக் கூட்டணியிலும் இல்லை. நமக்கு உள்ளது 2004இல் தொடங்கிய ‘செர்ட்-இன்’ என்னும் அவசர உதவிக் குழு. அதன் பயனை நம் தமிழ்நாட்டிலேயே கண்டோம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருப்பதை அக்குழு 2019 செப்டம்பர் 4ஆம் நாள் தெரிவித்தது. உலையை இயக்கும் கணினிகள் தனியே பிரிக்கப்பட்டிருந்தமையால் அவற்றுக்குத் தீங்கில்லை எனப் பின்னர் அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே! ஆயினும் அக்டோபர் 29ஆம் நாள் நிலையத்தார் செய்தியைப் பொய்யென மறுத்ததும், மறுநாளே அணுமின் கழகம் தீநிரல் இருந்தது உண்மையென ஒப்புக்கொண்டதும் எனக்கு உவப்பாக இல்லை.

எங்கள் ஒரத்தநாட்டுப் பகுதிக்குக் கல்லணைக் கால்வாய் நீர் தருகிறது. தலைமடைக்காரர் கரையில் கண்ட கசிவை மறைத்தால் கடைமடைக்காரர் எவ்வாறு விழித்திருப்பார்? ஓரிடத்தில் பிடிபட்ட தீநிரலின் அடையாளம் உடனே பிறருக்குக் கிடைத்தால், அவர்கள் தத்தம் கணினிகளைச் சோதித்துக்கொள்வர். தன் வீட்டுச் செய்தியையே அறியாத குழு அயல்நாட்டுக் குழுவிற்கு எதைச் சொல்லும்?

இதனாலேயே, தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தனக்குத் தெரிவிக்கவேண்டுமென நிறுவனங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. கால அளவு குறுகியது என்று நிறுவனங்கள் சில முறையிட்டன. நள்ளிரவில் உடைப்பெடுத்த கரைக்கு விடியும்வரை தவணை கிடைப்பதில்லை என்பேன் நான். ஆசிய பசிபிக் நாடுகளின் இத்தகைய குழுக்கள் 2003இல் ஒரு கூட்டமைப்பை நிறுவின. நமது குழுவும் அதில் உறுப்பினர். போலியான தாக்குதல் ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, எவர் எவருக்கு எவ்வளவு விரைவில் சொல்கிறார் என்பதை அவர்கள் ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கின்றனர்.