பதினொரு மாத வீடு

வேலையின் நிமித்தம் சொந்த ஊரை விட்டு மும்பை, புனே, பெங்களூரு என்று குடிபெயர்ந்த நம் குடும்பங்களிடம் முதல் மூன்று மாதங்களைக் குறித்துக் கேட்டால், பெரும்பாலோர் வாடகை வீடு தேடி அலைந்த கதையைத்தான் சொல்லுவார்கள். பாஷை ஒருவாறு பழகிவிடுகிறது, வேலையிடமும் பழகிவிடுகிறது. ஆனால் முன்பின் அறியாத ஒருவர், "நீங்கள் யார், எந்த ஊர், என்ன சாப்பிடுவீர்கள், வீட்டுக்கு யார் யார் வருவார்கள்?" என்று வாசலில் நிறுத்திக் கேட்கும்போது, ஊரில் மரியாதையோடு வாழ்ந்த குடும்பத்தலைவரின் உள்ளம் குன்றிப்போகிறது. அப்படி அலைந்த ஒரு குடும்பத்தாரின் அனுபவத்தைப் பெயர் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறோம். அந்தக் கதவுகள் ஏன் அடைபட்டிருக்கின்றன என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இனி வருகிறவர்களுக்கு அது உதவும்.

அந்தச் சகோதரர் தூத்துக்குடியில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத்தரும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். 2024 மார்ச் மாதத்தில், மும்பைக்கு எதிர்க்கரையிலுள்ள நவசேவா துறைமுகக் கிளைக்கு அவரை மாற்றினார்கள். மனைவியும், எட்டாம் வகுப்பு முடிக்கவிருந்த மகளும், நான்காம் வகுப்பு மகனும் மாமியார் வீட்டில் தங்க, இவர் மட்டும் முதலில் புறப்பட்டார். தாராவியில் அத்தை மகன் குடும்பம் இருந்தது. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அங்கே வந்து சேர்ந்த குடும்பங்களில் அதுவும் ஒன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஏற்கெனவே ஐந்து பேர். "அத்தான், எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க" என்று அவர்கள் மனதாரச் சொன்னார்கள். ஆயினும் தமக்குப் பாய் விரிக்க இடம் வேண்டுமென்று அந்த வீட்டுப் பையன் இரவில் நண்பன் வீட்டுக்குப் படுக்கப் போவதை இவர் கவனித்தார்.

மகாராஷ்டிரத்தில் ஜூன் மாத நடுவில் பள்ளிகள் திறந்துவிடும். அதற்குள் வீடு அமைய வேண்டும். சீட்டு எடுத்த பணமும், மனைவியின் வளையல்களை அடகு வைத்த பணமுமாக 1,20,000 ரூபாய் கையில் இருந்தது.

சனிக்கிழமை அரை நாளும், ஞாயிறு ஆராதனை முடிந்த பின்னும் வீடு பார்க்கப் போவார். ஆறு வாரங்களில் பதினேழு வீடுகள். தமிழர் அதிகம் என்பதால் செம்பூரில் தொடங்கினார். ஒரு படுக்கையறை வீட்டுக்கு 38,000 ரூபாய் வாடகை, இரண்டு லட்சம் டெபாசிட் என்றார்கள். அவருடைய சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். சற்றுக் குறைவாக வந்த இன்னொரு வீட்டின் சொந்தக்காரர் தமிழரே. "நீங்கள் சைவமா?" என்ற ஒரே கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்தது. தூத்துக்குடிக்காரர் மீன் சாப்பிடமாட்டேன் என்று எப்படிச் சொல்லுவார்! வாஷியில், நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் எழுதினால் மட்டுமே தருவதாக வெளிநாட்டிலிருந்த வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கார்கரில் வீடு பிடித்துப்போய் 10,000 ரூபாய் டோக்கன் கொடுத்தார். மறுநாளே அதிக டெபாசிட் தந்த வேறொருவருக்கு வீடு போயிற்று. டோக்கன் பணம் திரும்பிவரப் பதினெட்டு நாள் ஆனது. அதிலும் 2,000 ரூபாயைத் தம் அலைச்சலுக்கென்று புரோக்கர் எடுத்துக்கொண்டார். ரசீது இல்லை, ஆகவே கேட்கவும் வழியில்லை. "அண்ணாச்சி, சாவி கைக்கு வராம இனிமே பணத்தைக் கொடுக்காதீங்க" என்று சபையிலுள்ள ஒரு தம்பி சொன்ன புத்தி அதற்குப் பின்புதான் கிடைத்தது.

நெருலில் நடந்ததே அவரை அதிகமாய் வருத்தியது. வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். ஆனால் கட்டடத்தின் சொசைட்டி கமிட்டி நேரில் பார்க்க வேண்டும் என்றது. அலுவலக அறையில் நான்கு பேர் உட்கார்ந்து, குடும்ப விவரங்களைக் கேட்டபின், "வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துவீர்களா?" என்றார்கள். தினமும் குடும்ப ஜெபம் உண்டென்றும், எப்போதாவது சபையார் சிலர் வந்து ஜெபிப்பார்கள் என்றும் உள்ளபடியே சொன்னார். அன்று மாலையே புரோக்கர் மூலமாக மறுப்பு வந்தது. இரவு தொலைபேசியில் மனைவி, "யாரும் வரமாட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீடு கிடைச்சிருக்குமே" என்று அழுதுவிட்டார். அவரிடம் பதில் இல்லை.

அந்தக் கமிட்டிக்கு இப்படி நேர்காணல் நடத்த அதிகாரம் உண்டா? மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகளின்படி, உறுப்பினர் தம் வீட்டை வாடகைக்கு விடச் சங்கத்தின் அனுமதி தேவையில்லை. முன்கூட்டியே தகவல் தெரிவித்தாலே போதும். வாடகைக்கு விடும் உறுப்பினரிடம் சங்கம் வாங்கும் கூடுதல் கட்டணமும், பராமரிப்புச் சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாதென்று 2001-இல் மாநில அரசு உத்தரவிட்டது. ஆனால் நடைமுறையில், அக்கம்பக்கத்தாரைப் பகைத்துக்கொள்ள விரும்பாத வீட்டுக்காரர் கமிட்டியின் சொல்லை மீறுவதில்லை. சட்டமும் இங்கே முழுத் துணையாக இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கென்று அமைந்த ஒரு வீட்டுவசதிச் சங்கம், தன் உறுப்புரிமையை அவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. வாடகைக் குடும்பத்தைப் பற்றிய வழக்கு அல்ல அது. என்றாலும் கமிட்டிகளின் துணிச்சலுக்கு அத்தகைய தீர்ப்புகள் பலமளிக்கின்றன.

நம்மைவிட அதிகமாய் இந்த வேதனையை அனுபவிக்கிறவர்களும் உண்டு. டில்லிச் சுற்றுவட்டாரத்தில் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விதமாக வீடு கேட்டும், மேல்சாதியாரைவிடத் தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் கூடுதலாக மறுப்புக் கிடைத்தது தெரியவந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெபக்கூட்டம் என்றதும் கமிட்டி அஞ்சியது வெறும் வெறுப்பினால்தான் என்று தீர்மானித்துவிடக் கூடாது. இருபது பேர் கூடிக் கைத்தட்டிப் பாடும் சத்தம், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் இரவுப்பணி முடித்து உறங்கும் மனிதரை எழுப்பிவிடும். இரவு பத்து மணிமுதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாதென்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லுகின்றன. அடுக்குமாடி வீட்டில் ஒலிபெருக்கி இல்லாமலே அந்தச் சத்தம் எழும்பும். எத்தனை பேர், எத்தனை மணிவரை, மைக் உண்டா இல்லையா என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுகிற குடும்பத்துக்குக் கதவு திறந்த அனுபவங்களும் மும்பையில் உண்டு.

இனி, வீட்டுக்காரரின் பயத்துக்கு வருவோம். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பரில் இருந்த வாடகையை அளவுகோலாக வைத்து வாடகையைக் கட்டுப்படுத்தியது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. ஆகவே வீட்டுக்காரர்கள் "வாடகை" என்ற சொல்லையே தவிர்த்து, "லீவ் அண்டு லைசென்ஸ்" என்று தற்காலிக அனுமதியாக எழுதிக் கொடுத்தார்கள். 1973-இல் வந்த திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி அப்படிக் குடியிருந்தவர்களையும் வாடகைதாரராகவே கருத வேண்டுமென்றது. ஒரே நாளில் தங்கள் வீடு கைவிட்டுப் போனதாக எண்ணியவர்கள், காலியான வீட்டைப் பூட்டி வைக்கத் துணிந்தார்கள். 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை, மும்பையில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் வீடுகள் காலியாகக் கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. பதினேழு வீடு ஏறி இறங்கிய மனிதருக்கு இதைச் சொன்னால் சிரிப்பாரா, அழுவாரா?

2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் (1999) வீட்டுக்காரருக்கு இந்தப் பயத்தை நீக்கியது. லைசென்ஸ் காலம் முடிந்தும் காலி செய்யாதவர், இரட்டிப்புத் தொகையை நஷ்டஈடாகக் கொடுக்க வேண்டும். தனி அதிகாரியிடம் மனுச் செய்து வீட்டை மீட்கலாம். ஆனாலும் பழைய பயம் பழக்கமாக நின்றுவிட்டது. அந்தப் பழக்கத்தில் ஒன்றே பதினொரு மாதக் கணக்கு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டுமென்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கவே பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் அதனால் யாதொரு பயனுமில்லை. 1999 சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாகவும் வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு இல்லாவிட்டால், நிபந்தனைகளைக் குறித்துக் குடியிருப்பவர் சொல்வதே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, செல்லும். பதினொரு மாதத்துக்கொருமுறை புதுப்பிப்பதில் ஆதாயம் அடைகிறவர், ஒவ்வொரு முறையும் தரகு வாங்கும் புரோக்கர் ஒருவரே.

"ஹெவி டெபாசிட்" என்ற வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகையே வேண்டாம் என்பார்கள். பெங்களூரில் இதை லீஸ் என்பார்கள், நம் ஊரில் ஒத்தி. மாதவாடகை மிச்சம் என்று ஊர் நிலத்தை விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு. அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டாமல் விட்டால், வங்கி வீட்டைத் தேடி வரும். கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற நீதிமன்றம் ஏற வேண்டிவரும். நம் சகோதரருக்கும் இந்த யோசனை சொல்லப்பட்டது. கையில் அவ்வளவு பணம் இல்லாதது அவருக்கு நன்மையாயிற்று.

பதினெட்டாவது வீடு உல்வேயில் அமைந்தது. 2018-இல் கார்கோபர் வரை ஓடத்தொடங்கிய ரயில், 2024 ஜனவரியில் உரண் வரை நீண்டிருந்தது. வேலையிடத்துக்கும் அது வசதி. ரயில்வேயில் வேலைசெய்யும் சபைக் குடும்பம் ஒன்று, தங்கள் கட்டடத்திலேயே ஒரு வீடு காலியாவதைச் சொன்னார்கள். சொந்தக்காரர் ஓய்வு பெற்ற மராத்தி ஆசிரியை. சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. வாடகை எந்தத் தேதியில் வரும், குழாயை மூடாமல் விடும் சிறுபிள்ளைகள் உண்டா என்று மட்டும் கேட்டார். 15,000 ரூபாய் வாடகை, 60,000 டெபாசிட். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை; நடுவில் வந்து சேர்ந்துகொண்டவரை விலக்க முடியவில்லை.

பதிவு வேண்டாம், நோட்டரி கையெழுத்தே போதும் என்றார் புரோக்கர். சகோதரர் ஒத்துக்கொள்ளவில்லை. பதினொரு மாதத்துக்குப் பதில் இருபத்திரண்டு மாதம் எழுதித் தரும்படியும் ஆசிரியையிடம் கேட்டார். அந்த அம்மையார் தயங்கினார். கிர்காவில் தம் மாமனாருக்கிருந்த ஓர் அறை 1973-இல் போய்விட்டதாம். "பதிவு செய்தால் உங்கள் வீடு உங்களுக்கு நிச்சயம், பதிவு செய்யாவிட்டால்தான் பயம்" என்று தமக்குத் தெரிந்த இந்தியில் இவர் விளக்கினார். அம்மையார் தம் மகனிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு சம்மதித்தார். இரண்டாம் ஆண்டில் ஐந்து சதவீதம் வாடகை உயர்வு என்றும், சாதாரணத் தேய்மானத்துக்கு டெபாசிட்டில் பிடித்தம் இல்லை என்றும் எழுதினார்கள். முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. கைரேகைக் கருவியோடு ஒரு முகவர் வீட்டுக்கே வந்து பதிவை முடித்தார். சாவி வாங்கிய அன்று, சுவரில் ஈரம் கசிந்த இடங்கள், உடைந்த ஜன்னல் கொக்கி, மின்மீட்டர் எண் யாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, அவற்றை ஆசிரியைக்கும் அனுப்பி வைத்தார்.

ஜூன் முதல் வாரத்தில் மனைவியும் பிள்ளைகளும் திருநெல்வேலியில் ரயிலேறி வந்து சேர்ந்தார்கள். பள்ளி அலுவலகத்தில் முகவரிச் சான்று கேட்டபோது, பதிவான ஒப்பந்தத்தின் நகலைக் கொடுத்தார்கள். மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் இடம் கிடைத்தது. மகனுக்கு அங்கே இடமில்லை; ரயில் நிலையத்துக்கு அப்புறமுள்ள வேறொரு பள்ளியில் சேர்த்தார்கள்.