படம் யாருடையது, பணம் யாருக்கு?

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம். ஒரு பக்கம் குதிரைப் பந்தயம், இன்னொரு பக்கம் மாகாஸ்தோட்டைக் கார் மலையேற்றப் போட்டி. கீழே ஹட்டனிலும் சுற்றியுள்ள தோட்டத்துக் கிரவுண்டுகளிலும் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டிகள். எங்கே போனாலும் கழுத்தில் கமராவோடு ஒரு தம்பி நிற்பார். கொழும்பில் கடையில் வேலை, லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை, ஆசைக்கு எடுக்கிறார். பந்து பட்டு ஸ்டம்ப் பறக்கும் நேரத்தில் அவர் எடுத்த படமொன்று, மூன்று மாதம் கழித்து டவுனில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையின் பெனரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தம்பி காசு கேட்கலாமா? தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை. மெதுவாகப் போவோம்.

முதலில் சட்டம். நம் நாட்டில் இதற்கு இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். கதை, பாட்டு, சினிமாவைப் போலவே புகைப்படமும் அதில் ஒரு படைப்பு. ஷட்டர் விழுந்த கணத்திலேயே பதிப்புரிமை, அதாவது அந்தப் படத்தைப் பிரதி எடுக்கவும் வெளியிடவும் விற்கவும் உள்ள உரிமை, பிறந்துவிடுகிறது. பிறப்பது எடுத்தவர் பெயரில். அவர் தொழில்முறைக் கலைஞரா, போன வாரம் கமரா வாங்கியவரா என்று சட்டம் கேட்பதில்லை. படம் நன்றாக வந்திருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பிறகு 70 ஆண்டும் அந்த உரிமை நிற்கும். எங்கேயும் பதியத் தேவையில்லை.

பதியத் தேவையில்லை என்பது பிற்காலத்து வசதி. பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் ஜூலியா மார்கரெட் கமரூனுக்கு அது கிடைக்கவில்லை. பாடசாலையில் கோல்புறூக்–கமரூன் சீர்திருத்தம் படித்திருப்போமே, அந்தக் கமரூனின் மனைவி. 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கமராவில் படம் எடுக்கத் தொடங்கியவர். நம் தம்பியைப் போல ஆசைக்கு எடுத்தவர்தான். ஆனால் ஆள் கெட்டிக்காரி. 1862இல் வந்த பிரித்தானியச் சட்டப்படி, 1864 தொடங்கி 500க்கும் மேற்பட்ட படங்களை லண்டனில் தன் பெயருக்குப் பதிந்து வைத்தார். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இந்த மலையிலேயே காலமானார். பொழுதுபோக்குக்கு எடுப்பவருக்கும் உரிமை உண்டு என்பது, பாருங்கள், நம் மலைக்குத் தேயிலை வந்து சேர்ந்த காலத்துச் சங்கதி.

இனி, எல்லாரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். படம் நம் போனில் இருந்தால் அது நம்முடையது என்று நினைக்கிறோம். தம்பி வட்ஸ்அப் குரூப்பில் போட்டார், கடைக்காரர் எடுத்தார், பெனர் அடித்தார். “அவரே எல்லாருக்கும் அனுப்பினதுதானே” என்பார். நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே யோசிப்போம். லயக் காம்பராவில் நாலு தலைமுறையாக இருக்கிறோம், சாவியும் நம் மடியில்தான் இருக்கிறது. காணி உறுதி நம் பெயரில் இருக்கிறதா? இல்லை. இருப்பது வேறு, உறுதி வேறு என்பது மலையகத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்திலும் அப்படித்தான். கடைக்காரரிடம் இருப்பது பிரதி, உறுதி தம்பியிடம். பிரேம் போட்ட படத்தைக் காசு கொடுத்தே வாங்கியிருந்தாலும் சுவரில் மாட்டலாம், அச்சடித்து விற்க முடியாது.

பேஸ்புக்கில் போட்டாலும் இதே கதைதான். அங்கே போடும்போது அந்தக் கம்பெனிக்கு நாம் ஓர் அனுமதி கொடுக்கிறோம், உண்மை. அது கம்பெனிக்குக் கொடுத்தது, கடைக்காரருக்குக் கொடுத்ததல்ல. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் பூமி அதிர்ந்தபோது டானியேல் மொரேல் என்ற அந்நாட்டுப் புகைப்படக்காரர் தான் எடுத்த படங்களை ட்விட்டர் வழியாகப் போட்டார். ஏஎஃப்பி செய்தி நிறுவனமும் கெட்டி இமேஜஸும் அவரிடம் கேட்காமல் அவற்றை உலகம் பூராவும் விநியோகித்தன. “பொதுவில் போட்டாரே” என்ற வாதம் நியூயோர்க் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. 2013இல் ஜூரிகள் அவருக்குக் கொடுக்கச் சொன்ன தொகை 12 இலட்சம் டொலர். எட்டே எட்டுப் படங்களுக்கு.

“பெயர் போட்டோமே, பிறகென்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. பெயர் போடுவது தார்மிக உரிமை என்ற தனிக் கணக்கு. படத்தை விற்றுவிட்டாலும் எடுத்தவர் பெயர் வர வேண்டும், அவர் மானத்துக்குப் பங்கம் வருமாறு படத்தைச் சிதைக்கக் கூடாது என்பது அது. காசு சம்பந்தப்பட்டது பொருளாதார உரிமை. ஒன்றைக் கொடுத்தால் மற்றது தீராது. மூலையில் இருக்கும் தம்பியின் பெயரை வெட்டிவிட்டுப் பெனர் அடித்தவர் இரண்டு கணக்கிலும் கடன்காரர்.

போட்டி நடத்தியவர்கள் சும்மா இருப்பார்களா? “எங்கள் மெட்ச், எங்கள் படம்” என்பார்கள். 1937இல் அவுஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. சிட்னியில் குதிரைப் பந்தயத் திடலுக்கு எதிர்வீட்டுக்காரர் தன் வளவில் ஒரு மேடை கட்டினார். அதில் ஏறி நின்று வானொலிக்காரர் பந்தயத்தை வர்ணிக்க, திடலில் கூட்டம் குறைந்துபோனது. காட்சியொன்றுக்குச் சொத்துரிமை கிடையாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்த்தார்கள். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் விஷயத்தைத் தெளிவாக்குகிறது: ஏற்பாட்டாளர் கையிலிருப்பது வாசல் மட்டும். டிக்கட்டிலோ ஊடக அட்டையிலோ “படங்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது” என்று எழுதி, அதை ஏற்றுக்கொண்டு நாம் உள்ளே போயிருந்தால் அது நம்மைக் கட்டும். ஒலிம்பிக் டிக்கட்டுகளில் இப்படி நிபந்தனை உண்டு. தோட்டத்துக் கிரவுண்டில் டிக்கட்டே இல்லை.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய வேடிக்கையாகப் படுவது அடுத்தது. ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக, அவருக்கென்று எடுத்த படமாக இருந்தால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை பொருளாதார உரிமை எடுக்கச் சொன்னவருக்கே போகிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலைக்காக எடுத்த படமும் முதலாளிக்குத்தான். ஆகவே போட்டி நடத்தும் விளையாட்டுக் கழகத்தார் ஐயாயிரம் ரூபாய் பேசிக் கூட்டி வந்த ஸ்டூடியோக்காரரைவிட, வேலியோரம் நின்று ஆசைக்கு எடுத்த தம்பியின் பிடி பலமானது! ஆனால் அடுத்த வருஷம் கழகத் தலைவர், “தம்பி, நீங்களே வந்து எடுத்துத் தாங்க, சாப்பாடும் பஸ் காசும் தாறம்” என்று சொன்னால் அங்கே கவனம் தேவை. சரி என்று தலையாட்டும் முன் “உரிமை என்னிடம், கழகப் பக்கத்தில் நீங்கள் போடலாம்” என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும்.

எழுத்து என்று சொல்வது சும்மா இல்லை. உரிமையைக் கைமாற்றுவதானாலும், பயன்படுத்த அனுமதி கொடுப்பதானாலும், எழுத்தில் இரு தரப்பும் ஒப்பமிட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டம். எழுதாத எதையும் கொடுத்ததாகக் கொள்ளவும் கூடாது. விலையும் இங்கேதான் உருவாகிறது. படத்துக்கென்று ஒரு விலை கிடையாது, பயன்பாட்டுக்குத்தான் விலை. பெனரா, கலண்டரா, பேஸ்புக் விளம்பரமா? எத்தனை மாதம்? ஹட்டன் கடைக்கு மட்டுமா, எல்லாக் கிளைகளுக்குமா? வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்கிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் தொகை நன்றாக ஏற வேண்டும். அணிப் பையன்களுக்குச் சும்மா கொடுப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். எதற்குச் சும்மா என்று அனுப்பும்போதே ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

பத்திரிகை வேறு ரகம். நடப்புச் செய்தியைச் சொல்லத் தேவையான அளவுக்குச் சட்டம் கொஞ்சம் இடம் விடுகிறது. வெற்றிச் செய்தியோடு ஒரு படம் வந்தால் அந்த இடத்துக்குள் நின்று அவர்கள் வாதாடலாம். பெனர் அடித்தவர் அங்கே ஒதுங்க முடியாது.

சரி, தம்பி இப்போது என்ன செய்வது? கமராவிலிருந்த மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். எடுத்த திகதி, நேரம், கமராவின் விபரம் எல்லாம் அதற்குள் இருக்கும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அவை உதிர்ந்துவிடும், ஆகவே கடைக்காரரிடம் அது இருக்காது. பெனரைப் படம் பிடித்து, கடைக்கு ஒரு கடிதமும் விலைப்பட்டியலும் கொடுக்கலாம். அனேகம் அங்கேயே முடியும். முடியாவிட்டால் கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அவர் விசாரித்துத் தீர்மானிப்பார். அதற்கும் மேலே நீதிமன்றம். தெரிந்தே மீறியது நிரூபணமானால் ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இவ்வளவு பேசியும் பெனரில் இருக்கும் பையனை மறந்துவிட்டோம். அவன் முகம் என்பதால் படம் அவனுடையதாகிவிடாது. ஆனாலும் அவன் அந்தக் கடைச் சப்பாத்தைச் சிபாரிசு செய்வதுபோல ஊர் பார்க்கிறது. நம் நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன்–டச்சுச் சட்டமோ மனிதனின் மானத்தைக் காக்கும் சட்டம். ஆகவே தம்பியிடம் ஒப்பம் வாங்கிய பிறகும் கடைக்காரர் அந்தப் பையனிடம் தனியாகக் கேட்க வேண்டும். பாடசாலைப் பிள்ளை என்றால் தாய் தகப்பனிடம்.