67 நானோநொடிக்குள் இடம் வேண்டும்

நொடிக்கு 10 ஜிகாபிட் வேகமுள்ள நெட்வொர்க் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாகவே வந்தால், நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கும் மேல் வந்து விழும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 67.2 நானோநொடி. 3 ஜிகாஹெர்ட்ஸ் புராசஸர் அதற்குள் ஏறத்தாழ 200 சுழற்சிதான் ஓடும். அந்த அவகாசத்தில் லினக்ஸ் கர்னல், பாக்கெட்டைப் பற்றிய விவரங்களை எழுதி வைக்க நினைவகத்தில் ஒரு துண்டு இடம் பிடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் விடுவிக்கவும் வேண்டும். தேவையான தரவு கேஷில் இல்லாமல் ராம் வரை போய்வர நேர்ந்தால், அந்த ஒரு பயணமே 100 நானோநொடியை நெருங்கிவிடும்.

நினைவகத்தைப் பிரித்துத் தருவது காலி இடம் தேடும் வேலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் இடம் பெரும்பாலும் இருக்கிறது. நேரம் கரைவது, தொலைவில் கிடப்பதைத் தொடுவதிலும் இன்னொரு புராசஸருக்காகக் காத்திருப்பதிலும்தான். முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் நடந்த நல்ல வேலைகள் எல்லாமே இந்த இரண்டோடும் மல்லுக்கட்டியவை என்பேன்.

கர்னலின் அடித்தளத்தில் நினைவகம் 4 கிலோபைட் பக்கங்களாக இருக்கிறது. அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தும் பிரித்தும் தரும் 'படி' (buddy) முறையை 1965-ல் கென்னத் நோல்டன் வெளியிட்டார். ஆனால் 1963-லேயே அதைப் பயன்படுத்தியவர் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்று பதிவு செய்கிறார் டொனால்ட் கனூத். பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற அதே மார்க்கோவிட்ஸ்தான்.

கர்னலுக்கு அன்றாடம் தேவைப்படுவதோ சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு கோப்பின் பெயரைத் தேடும்போது அது 'டென்ட்ரி' என்ற குறிப்பை உருவாக்குகிறது. 64 பிட் லினக்ஸில் வழக்கமாக அதன் அளவு 192 பைட். ஒரு பக்கத்தில் 21 அடங்கும், 64 பைட் மிஞ்சும். இப்படி ஒரே வகைத் துண்டுகளை ஒரு பக்கத்தில் அடுக்கும் 'ஸ்லாப்' முறையை 1994-ல் சன் நிறுவனத்தின் ஜெஃப் போன்விக் அறிவித்தார். சோலாரிஸ் 2.4-க்காக எழுதியது அது. பல துண்டுகளைப் பொறுத்தவரை, இடம் பிடிப்பதைவிட அதைப் பயன்படுத்தத் தயார் செய்யவே அதிக நேரம் ஆகிறது என்று அவர் கண்டார். அதனால் விடுவித்த துண்டைக் கலைக்காமல், தயார் நிலையிலேயே வைத்து அடுத்தவருக்குக் கொடுத்தார். மிஞ்சும் பைட்டுகளையும் அவர் விடவில்லை. ஒவ்வொரு ஸ்லாபிலும் முதல் துண்டின் தொடக்கத்தை வெவ்வேறு அளவு தள்ளி வைத்து, எல்லாத் துண்டுகளும் கேஷில் ஒரே மூலையில் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

புராசஸர்கள் பெருகியதும் காத்திருப்பு தலைதூக்கியது. கல்யாணச் சமையலில் பத்து அடுப்புக்கும் ஒரே உக்கிராணம், ஒரே சாவி என்றால் என்ன ஆகும்? ஒவ்வொரு சமையல்காரரும் தம் பக்கத்தில் ஒரு தட்டில் சாமான் எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி. 2001-ல் போன்விக்கும் ஜொனாதன் ஆடம்ஸும் ஒவ்வொரு புராசஸருக்கும் 'மேகசின்' என்ற சிறு கையிருப்பைத் தந்தது இதற்காகத்தான்.

லினக்ஸும் தன் ஸ்லாபில் இதைப் போன்ற வரிசைகளை வைத்திருந்தது. எஸ்ஜிஐ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான புராசஸர்கள் கொண்ட கணினிகளில் அது கழுத்தை நெரித்தது. வரிசைகளைப் பராமரிக்க மட்டுமே பல ஜிகாபைட் முடங்கியது. அங்கே பணியாற்றிய கிறிஸ்டோஃப் லேமீட்டர் 2007-ல் 'ஸ்லப்' என்ற மாற்றைக் கொண்டுவந்தார். வரிசைகளையே அவர் தூக்கிவிட்டார். காலியாகக் கிடக்கும் துண்டுக்குள்ளேயே அடுத்த காலித் துண்டின் முகவரியை எழுதிவிட்டால் தனிப் பட்டியல் எதற்கு? ஒவ்வொரு புராசஸரும் தனக்கென ஒரு ஸ்லாபை வைத்துக்கொண்டு அதிலிருந்தே எடுக்கும்.

எடுப்பது வேகமானது. விடுவிப்பதில் சிக்கல் வந்தது. விடுவிக்கும் துண்டு வேறொரு ஸ்லாபைச் சேர்ந்ததாக இருந்தால் நீண்ட பாதையில் போக வேண்டும். நெட்வொர்க் வேலையில் ஒரு புராசஸர் வாங்கிய துண்டை இன்னொன்று விடுவிப்பது சகஜம். 67 நானோநொடிக் கணக்கு போடுபவர்களுக்கு அது தாங்காது. 2015-ல் துண்டுகளை மொத்தமாக வாங்கவும் விடவும் வழி சேர்த்தார்கள். ஓரளவு மூச்சுவிட முடிந்தது. பழைய ஸ்லாப் 2024 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.8 பதிப்போடு நீக்கப்பட்டது.

2025 இறுதியில் வந்த 6.18 பதிப்பில், விளாஸ்டிமில் பாப்கா எழுதிய 'ஷீவ்ஸ்' வழியாகப் புராசஸருக்கொரு கையிருப்பு திரும்பி வந்தது. 2007-ல் லேமீட்டர் செய்தது தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவரைப் படுத்தியது, தொலைவிலுள்ள நினைவகத்துக்கும் தனித்தனி வரிசை வைத்திருந்த பழக்கம். பாப்கா அதைத் தொடவில்லை. தொலைவில், வேறு புராசஸர் தொகுதியின் நினைவகத்தைச் சேர்ந்த துண்டு திரும்பி வந்தால், கையிருப்பில் சேர்க்காமல் அதன் சொந்த ஸ்லாபுக்கே அனுப்பிவிடுகிறார். எல்லா வகைத் துண்டுக்கும் ஒரேயடியாக இதைத் திணிக்கவும் இல்லை. ஒரு புரோகிராமின் முகவரிப் பகுதிகளைக் குறிக்கும் துண்டுகளும், அவற்றைக் கோத்து வைக்கும் 'மேப்பிள் ட்ரீ' கணுக்களும்தான் முதலில் இதைப் பெற்றன. பல திரெட்கள் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்டு நிற்கும்போது கர்னல் அதிகம் எடுத்து அதிகம் விடுவிப்பவை அவை.