வீட்டு மின்கலனும் தீப்பாதுகாப்புத் தரவிதிகளும்



நம்ம தாமான்களில் கூரை மேல் சூரியத் தகடு வைத்த வீடுகளை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். பகலில் கிடைக்கும் மின்சாரத்தை இரவுக்குச் சேர்த்து வைக்க, பெரிய லித்தியம் மின்கலனைச் சுவரில் மாட்டுபவர்களும் உண்டு. "அது தீப்பிடிக்குமா, சார்?" என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வது? கருத்து விளக்கக் கட்டுரைக்கும் உதவும் என்பதால் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஏன் தீப்பிடிக்கிறது?

ஒரு பெட்டிக்குள் பல சிறு கலன்கள் இருக்கும். அதிக மின்னேற்றம், உட்குறைபாடு, அடிபடுதல் ஆகியவற்றால் ஒரு கலன் அளவுக்கு மீறிச் சூடாகலாம். அந்தச் சூட்டில் உள்ளே வேதிவினை தொடங்கி, அதுவே மேலும் சூட்டை உண்டாக்கும். இதைக் 'கட்டுமீறிய வெப்பம்' எனலாம். பக்கத்துக் கலன்களுக்கும் சூடு பரவும். கூடவே ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற எரியக்கூடிய வாயுக்களும் வெளியாகும். தீயைவிட இந்த வாயுதான் சில நேரம் பெரிய ஆபத்து.

2019 ஏப்ரல் 19-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஒரு பெரிய மின்சேமிப்பு நிலையத்தில் இதுதான் நடந்தது. தீயணைக்கும் வாயு தானாகவே வெளியானது. ஆனாலும் கலன்களின் சூடு அடங்கவில்லை. எரிவாயு உள்ளேயே தேங்கி நின்றது. கதவைத் திறந்த பிறகு வெடித்ததில் நான்கு தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள்.

தரவிதி எதைச் சோதிக்கிறது?

யூஎல் 9540ஏ என்ற சோதனை முறையில், ஒரு கலனை வேண்டுமென்றே சூடாக்கிக் கட்டுமீற வைப்பார்கள். பிறகு படிப்படியாகப் பார்ப்பார்கள்: தனிக் கலன், கலன்களின் தொகுதி, முழுப் பெட்டி, பொருத்தப்பட்ட இடம் என நான்கு நிலைகள். எவ்வளவு வாயு வருது, தீ அடுத்த பெட்டிக்குத் தாவுதா, சுவர் எவ்வளவு சூடாகுது என்றெல்லாம் அளப்பார்கள்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். "சோதனை செய்த மின்கலன் தீப்பிடிக்காது" என்று எழுதினால் தவறு. ஒரு கலன் கெட்டுப்போனால் தீ எவ்வளவு தூரம் பரவும் என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டுகிறது.

எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது?

அமெரிக்காவின் என்எஃப்பிஏ 855 விதிப்படி, வீட்டில் வைக்கும் ஒரு பெட்டி 20 கிலோவாட் மணிக்கு மேல் போகக்கூடாது. 2 கிலோவாட் கெத்தலைப் பத்து மணி நேரம் ஓட்டும் அளவு மின்சாரம் அது. பெட்டிகளுக்கு இடையே பொதுவாக 3 அடி இடைவெளி வேண்டும். வெளிச்சுவரில் மாட்டினால் கதவு, சன்னலிலிருந்தும் 3 அடி தள்ளியிருக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் வைத்தால், வண்டி இடிக்காதபடி தடுப்பும் தேவை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் 5139 தரவிதி 2019-இல் வந்தது. படுக்கையறை, வரவேற்பறை போன்ற வசிக்கும் அறைகள், கூரை உட்பகுதி, படிக்கட்டின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் மின்கலன் வைக்க அது அனுமதிப்பதில்லை. சுவரின் மறுபக்கம் வசிக்கும் அறை இருந்தால், இடையில் எரியாத தடுப்பு இருக்கணும்.

காரணம் எளிது. தூங்குபவர்களை விட்டும் வெளியேறும் வழியை விட்டும் தீயைத் தள்ளி வைப்பதே நோக்கம். படிக்கட்டின் கீழ் தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் எப்படி இறங்குவார்கள்?

வீட்டில் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் விலையை மட்டும் கேட்காதீங்க. எந்தத் தரவிதிப்படி சோதித்தது, எங்கே பொருத்தப் போகிறார், அவசரத்தில் எப்படி நிறுத்துவது என்றும் கேளுங்க. பெட்டி வீங்கினாலோ, சீறும் சத்தமோ புகையோ வந்தாலோ கிட்டப் போய்த் திறந்து பார்க்க வேண்டாம். எல்லோரும் வெளியேறி 999-ஐ அழைத்து, "லித்தியம் மின்கலன்" என்று மறக்காமல் சொல்லணும்.

வகுப்பறைக்கு

1. தீயை அணைத்த பிறகும் ஆபத்து நீங்காதது ஏன்? அரிசோனா நிகழ்வைக் கொண்டு விளக்குக.
2. உங்கள் வீட்டு வரைபடத்தை வரைந்து, மின்கலன் வைக்கக்கூடாத மூன்று இடங்களைக் காரணத்துடன் குறிப்பிடுக.