ஆறடிக்கு வளரும் குட்டி

கடையில் விற்கப்படும் பச்சை இகுவானாக் குட்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். வாலையும் சேர்த்து ஒரு சாண்தான் இருக்கும். கூடவே ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியையும் வாங்குபவர் தலையில் கட்டிவிடுவார்கள். தீனியும் சூடும் ஒழுங்காகக் கிடைத்தால், சில ஆண்டுகளிலேயே அது நான்கடியைத் தாண்டிவிடும். முழு வளர்ச்சி பெற்ற ஆண், வாலோடு ஐந்து ஆறு அடி நீளம் இருக்கும். ஆயுளும் பதினைந்து, இருபது ஆண்டு.

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும்" என்று சில கடைக்காரர்கள் சொல்வதுண்டு. சுத்தப் பொய். வளராமல் நின்றுபோன இகுவானா, நோய்ப்பட்ட இகுவானா. உருவத்தில் நம் ஊர் உடும்பை நினைவூட்டினாலும் இது முழுச் சைவம். இலைநாரைச் செரிக்கும் வேலையை அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவை வேலைசெய்ய உடல் 35 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக இருக்க வேண்டும். குட்டி இந்த நுண்ணுயிர்களோடு பிறப்பதில்லை. பொரிந்த முதல் வாரங்களில் பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்று அவற்றைப் பெறுகிறது என்பதை, பனாமாவில் ஆய்வு செய்த கேத்தரின் டிராயர் 1980களின் தொடக்கத்தில் எழுதினார். கேட்க அருவருப்பாக இருக்கலாம். குட்டிக்கு அதுதான் சீம்பால்.

அடுத்து வெயில். சூரிய ஒளியிலுள்ள புற ஊதா-பி கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகும். அது இல்லாவிட்டால் தீனியிலுள்ள கால்சியம் உடலில் சேராது. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆகவே ஜன்னலோரம் தொட்டியை வைத்துவிட்டு "வெயில் காட்டுகிறேன்" என்று நம்புவது வீண். இரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் உடல் எலும்பிலிருந்து அதை உருவுகிறது. தாடை ரப்பர் போல வளையும். எலும்பு கரைந்த இடத்தில் நார்த்திசு சேர்ந்து தொடை பருத்துக் கொள்ளும். கொழுகொழுவென்று வளர்கிறதே என்று வீட்டார் மகிழும் நேரத்தில் அதன் கால் எலும்பு முறியும் நிலையில் இருக்கும்.

பருவம் எய்திய ஆண், இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லையைக் காக்கத் தொடங்கும். அதுவரை தோளில் உட்கார்ந்திருந்தது, தீனி வைக்க வரும் கையையே கடிக்கும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தோடும் சண்டைக்குப் போகும். வால் அடி தோலைக் கிழிக்கும். மரவாழ் உயிரான அதற்கு, ஆள் நுழைந்து நிற்கக்கூடிய கூண்டு வேண்டும். எட்டடி உயரம், ஆறடி அகலம் என்பது விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. நகரத்து வாடகை வீட்டில் அது ஓர் அறையையே விழுங்கிவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் ஊர்வனவே வேண்டாம் என்பது மருத்துவர்களின் அறிவுரை. சால்மோனெல்லாக் கிருமியே காரணம்.

இந்த நிலையில்தான் பலருக்கும் அந்த விபரீத யோசனை வருகிறது: எங்காவது மரத்தில் விட்டுவிடலாமே. அதன் விளைவைப் பார்க்க ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டும். 1960களில் மயாமி வட்டாரத்தில் முதலில் தென்பட்ட இகுவானாக்கள், தப்பியவையும் கைவிடப்பட்டவையுமாகச் சேர்ந்து, தென் ஃபுளோரிடா முழுவதும் பரவிவிட்டன. ஒரு பெட்டை ஈட்டுக்கு 20 முதல் 70 முட்டை வரை இடும். முட்டையிடத் தோண்டும் வளைகளால் கால்வாய்க் கரைகளும் கடற்சுவர்களும் சரிகின்றன. பஹியா ஹோண்டா தீவில் இவை மேய்ந்த செடிகளில் ஒன்று கழற்சிக்கொடி. நம் பாட்டி வைத்தியத்துக் கழற்சிக்காய்தான். அங்கே அழிவின் விளிம்பிலுள்ள மயாமி நீல வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு அது தீனி. குளிர் கூடும் நாட்களில் விறைத்துப்போன இகுவானாக்கள் மரத்திலிருந்து பொத்தென்று விழும். 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகம் இதற்காக மக்களை எச்சரிக்கவே வேண்டியிருந்தது.

ஃபுளோரிடா வனவிலங்கு ஆணையம் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. வளர்க்க முடியாத அயல் விலங்குகளை, கேள்வியும் அபராதமும் இன்றி ஒப்படைக்கலாம் என்று 2006இல் திட்டம் தொடங்கியது. தகுதி பார்க்கப்பட்ட வளர்ப்பாளர்களிடம் அவை தரப்படுகின்றன. அவமானமும் அபராதமும் காத்திருக்கும் என்றால், மனிதன் இரவோடு இரவாகக் கால்வாயோரம்தான் போவான். 2021 ஏப்ரலில் பச்சை இகுவானா அங்கே தடைப் பட்டியலில் சேர்ந்தது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் மைக்ரோசிப் பொருத்தி, இலவச அனுமதி பெற்று, அதன் ஆயுள் வரை வளர்க்கலாம் என்றும் வழிவிட்டார்கள்.

இந்தியாவில் 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) உடன்படிக்கையின் பட்டியலிலுள்ள இகுவானாவை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும்.

சட்ட வழியில் கைமாற்றுகிறவர்கள், பிராணியோடு ஒரு தாளும் கொடுத்தால் நல்லது. எந்தக் கீரையைத் தின்கிறது, கடைசியாக எப்போது எச்சம் போட்டது, எந்த மாதம் முரண்டு பிடிக்கிறது, புற ஊதா விளக்கு எப்போது மாற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். விளக்கின் தேதி முக்கியம்: வெளிச்சம் குறையாமல் எரிந்துகொண்டிருந்தாலும், மாதங்கள் செல்லச் செல்ல அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் தேய்ந்துவிடும். புது இடத்தில் எச்சப் பரிசோதனை முடியும்வரை மற்ற ஊர்வனவற்றோடு சேர்க்கக் கூடாது. முதல் சில நாள் அது தின்ன மறுக்கலாம். பழைய வீட்டில் பழகிய அதே கீரையை வைத்து, சூட்டைச் சரியாகக் காத்து, தொந்தரவு செய்யாமல் விட்டால் பெரும்பாலும் தின்னத் தொடங்கிவிடும். ஒரு வாரம் கடந்தும் வாய் வைக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.