கல்லா நின்றால் யாரைக் கூப்பிடுவது?

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, மாலை ஆறு மணி இருக்கும். மயிலாப்பூர் மாடவீதியை ஒட்டிய மளிகைக் கடை ஒன்றில் சாமான் சீட்டைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தோம். பில் போடும் மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. முதலாளி பழைய பில் புத்தகத்தைத் தேடியெடுத்துக் கையால் எழுதத் தொடங்கினார். ஆனால் கவுண்டர் பையன்களுக்கு விலை மனப்பாடம் இல்லை. விலையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் அல்லவா இருக்கிறது! கூட்டத்தில் பலர் கூடையை அப்படியே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள்.

ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து வந்த சர்வீஸ்காரர், மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். வாசலில் சீரியல் லைட் போட வந்தவர், கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் தம்முடைய ஒயரைச் செருகியிருந்தார். வேறு பழுது ஒன்றுமில்லை.

தி.நகரில் ஒரு கடை, அடையாறில் ஒரு கிளை, வேறிடத்தில் கிடங்கு என்று விரித்து வைத்திருக்கும் நமது உறுப்பினர்களுக்கு இது சிரிக்கும் விஷயமல்ல. 2023 ஆகஸ்ட் முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய மொத்த வியாபாரி, மற்றொரு வியாபாரிக்குப் போடும் பில்லை மின்-விலைப்பட்டியலாகப் பதிய வேண்டும். லைன் போனால் லாரி நிற்கும்.

பெரிய நிறுவனங்களில் இந்தக் காவல் வேலைக்கென்றே மென்பொருள் உண்டு. அதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள் நமது ஊர்க்காரர்கள் என்பது பலருக்குத் தெரியாது. அடையாறை அடுத்துள்ள ஐ.ஐ.டி.யில் படித்து 1989-ல் வெளிவந்த ஸ்ரீதர் வேம்புவும், டோனி தாமஸ் முதலானவர்களும் 1996-ல் அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வேளச்சேரியில் வெகுகாலம் இயங்கிய இந்நிறுவனம்தான் 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் முதல் சரக்கு இன்று எல்லோரும் பேசும் மின்னஞ்சலோ கணக்கு மென்பொருளோ அல்ல. தொலைத்தொடர்புக் கருவி செய்யும் கம்பெனிகளுக்கான நெட்வொர்க் நிர்வாக மென்பொருள்.

இங்கேதான் வியாபாரிக்கு வேண்டிய சேதி இருக்கிறது. 2001 வாக்கில் அமெரிக்காவில் இணையதளக் கம்பெனிகளின் பெருக்கம் வெடித்துச் சிதறியபோது, அந்தக் கருவித் தயாரிப்பாளர்கள் பலர் கடையைக் கட்டினார்கள். கல்யாண மண்டபங்களுக்கு மட்டுமே சரக்குப் போட்டவருக்கு முகூர்த்தமே இல்லாமல் போனது போன்ற நிலை. அவர்கள் தொழிலை மாற்றவில்லை, வாடிக்கையாளரை மாற்றினார்கள். கையிலிருந்த அதே வித்தையை, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சாதாரண நிறுவனங்களுக்கு ஏற்றபடி மாற்றி, 2002-ல் மேனேஜ்இன்ஜின் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள்.

இந்த மென்பொருள் செய்வது, பழைய கணக்குப்பிள்ளை கிடங்கைச் சுற்றிவரும் வேலைதான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் பொறுப்பாளரின் கைபேசிக்குத் தகவல் போகும். "இடம் எவ்வளவு மிச்சம், சூடு எவ்வளவு" என்றும் விசாரிக்கும். பருப்பு மூட்டை இத்தனைக்குக் கீழே போனால் ஆர்டர் போடு என்று நாம் அளவு வைப்பதுபோல், டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்கு இடம் மிச்சமிருக்கும்போதே சொல் என்று வைக்கலாம். இப்படிக் கேட்கவும் பதில் சொல்லவும் எஸ்.என்.எம்.பி. என்ற பொது மொழி 1988-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. யார் செய்த பெட்டியாயினும் அந்த மொழி தெரிந்திருந்தால் பதில் சொல்லும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவல் மென்பொருளையும் அதே நெட்வொர்க் பெட்டிக்குப் பின்னால் வைத்தால், பெட்டி நின்றதும் காவற்காரனின் வாயும் அடைபட்டுவிடும். வெளியிலிருந்து பார்க்கும் ஏற்பாடோ, தனி சிம் கார்டோ வேண்டும். இதை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்வது அபூர்வம்.

ஆபத்தும் உண்டு. எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பவனைத்தான் திருடன் முதலில் தேடுவான். 2020 டிசம்பரில், அமெரிக்காவின் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்துடைய இதே வகை மென்பொருளின் புதுப்பிப்புக்குள் திருடர்கள் புகுந்திருந்தது வெளிவந்தது. சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்தப் புதுப்பிப்பு போயிருந்தது. நமது ஊர் மேனேஜ்இன்ஜினின் கடவுச்சொல் மென்பொருள் ஒன்றில் இருந்த ஓட்டையைப் பற்றியும் 2021 செப்டம்பரில் அமெரிக்க அரசு எச்சரித்தது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது; அதைப் போடாதவர்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகத்தை ஆட்டியபோதும், மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு போடவும் முடியவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்க, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். முதலில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, ஒருநாள் பார்த்துவிட்டு மற்றவற்றில் போடச் சொல்லுங்கள்; பண்டிகை வாரத்தில் வேண்டவே வேண்டாம்.

மூன்று கவுண்டர் கடைக்குப் பெரிய மென்பொருள் தேவையா? தேவையில்லை என்பதே நமது எண்ணம். இரண்டு மூன்று கிளை உள்ளவர்கள் பார்க்கலாம். லாட்வியாவில் பிறந்த சபிக்ஸ் போன்றவை விலையில்லாமலே கிடைக்கின்றன. ஆனால் நிறுவவும் பராமரிக்கவும் ஆள்கூலி ஆகும். மற்றவர்கள் தமது சர்வீஸ்காரரிடம் ஒப்பந்தம் போடும்போது, "பழுதை எனக்கு முன்னால் நீர் தெரிந்துகொள்வீரா, நான் போன் செய்தால்தான் தெரியுமா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அந்த மாடவீதிக் கடைக்குச் சென்ற வாரம் போயிருந்தோம். படிக்கட்டுக்கு அடியிலுள்ள பிளக்கின்மேல் டேப் சுற்றி, சிவப்பு மையில் 'தொடாதே' என்று எழுதியிருக்கிறார்கள். கல்லாப்பெட்டியின் அடித்தட்டில், திங்கட்கிழமைதோறும் அச்சடித்து வைக்கும் விலைப்பட்டியல் இருக்கிறது.