வெப்பம் எழுப்பும் இரைச்சல்

வெளிச்சத்தம் புகாத அறையில் ஒரு கையடக்க ரெக்கார்டரை வைத்து, கெயினை முழுதாகக் கூட்டிப் பதிவுசெய்து கேளுங்கள். ‘உஸ்ஸ்’ என்று சீரான இரைச்சல் காதில் விழும். அது அறையிலிருந்து வந்ததல்ல. மைக்கிலும் மின்சுற்றிலும் பிறந்தது. அதில் ஒரு பங்கை எவ்வளவு திறமையான பொறியாளராலும் ஒழிக்க முடியாது.

மின்தடை உள்ள எந்தப் பொருளிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் தாறுமாறாக அலைகின்றன. அந்த அலைச்சல், பொருளின் இரு முனைகளுக்கிடையே நுண்ணிய மின்னழுத்தமாக ஏறி இறங்குகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்து காட்டினார். ஹாரி நைக்விஸ்ட் கணித வழியில் காரணம் சொன்னார். இருவருடைய கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. தடை எந்தப் பொருளால் ஆனது என்பது இதில் பொருட்டே இல்லை. தடையின் அளவு, வெப்பநிலை, அலைவரிசையின் அகலம் ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும், இரைச்சலைக் கணக்கிட்டுவிடலாம்.

ரெக்கார்டரைச் சோதிப்பவர்கள் இந்த விதியையே அளவுகோலாக்குகிறார்கள். மைக்குக்குப் பதிலாக 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை உள்ளீட்டில் பொருத்துகிறார்கள். அறை வெப்பநிலையில், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், அது மட்டுமே சுமார் 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தரும். ஒலிப்பொறியாளர்களின் அலகில் இது மைனஸ் 131 டிபியு. அடுத்து, அளவு தெரிந்த ஒரு சைகையை அதே கெயினில் பதிவுசெய்து ஒப்பிடுகிறார்கள். 1 மில்லிவோல்ட் சைகையைவிட இரைச்சல் 60 டெசிபல் தாழ்ந்திருந்தால், அது ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மைக்ரோவோல்ட். டிபியு கணக்கில் மைனஸ் 118. இந்த ரெக்கார்டரில் கேட்கும் இரைச்சலில் பெரும்பகுதி அதன் பெருக்கியுடையது என்று உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவு சிறிய அளவு எதற்கு என்று தோன்றலாம். 20 டெசிபல் அளவிலான மெல்லிய இலைச் சலசலப்பை, பாஸ்கலுக்கு 2 மில்லிவோல்ட் தரும் டைனமிக் மைக்கால் பிடித்தால் கிடைப்பது வெறும் 0.4 மைக்ரோவோல்ட். மேற்சொன்ன ரெக்கார்டரில் அந்தச் சலசலப்பு இரைச்சலுக்குள் மூழ்கிப்போகும். பாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட் தரும் கண்டென்சர் மைக்கை மாட்டினால் அதே ஒலி 4 மைக்ரோவோல்ட்டாக மேலெழும். 32 பிட் பதிவு இங்கே கைகொடுக்காது. உள்ளீட்டிலேயே கலந்துவிட்ட இரைச்சலை எண்கள் பிரித்தெடுப்பதில்லை.

ரெசிஸ்டரைத் திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்குக் குளிர்வித்தால்கூட அதன் இரைச்சல் ஏறத்தாழ பாதியாகத்தான் குறையும். ஆகவே, ஒரு ரெக்கார்டருக்கு மைனஸ் 131க்கும் கீழான எண்ணை விளம்பரத்தில் கண்டால், அளந்தபோது உள்ளீட்டில் என்ன பொருத்தியிருந்தார்கள், இரைச்சலைக் காதின் உணர்திறனுக்கேற்ப எடையிட்டார்களா என்று கேளுங்கள். உள்ளீட்டைக் குறுக்கிணைத்துவிட்டால் எண் அழகாகக் குறையும். ஆனால் நிஜ மைக் ஒன்றை மாட்டியதுமே வெப்பத்தின் இரைச்சலும் உடன் வந்துவிடும்.